தண்ணீரா, சுவரா? பஞ்சாலைகள் எழுப்பிய கேள்வி

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். தாமிரபரணி மலையிறங்கும் பாபநாசத்தில் 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய நூற்பாலையிலோ எங்கும் பஞ்சுதான்! பஞ்சோடு கலந்து வரும் ஒரு சின்ன இரும்புத் துண்டு இயந்திரத்தில் உரசினால் போதும், தீப்பொறி பறக்கும்.

இந்த ஆபத்துக்கு ஆலை உலகம் இரண்டு வழிகளைக் கண்டது.

முதல் வழி, தீயை ஓரிடத்தில் அடைப்பது. 1797-ல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் மரச்சட்டங்களுக்குப் பதிலாக இரும்பும் செங்கல்லும் கொண்டு ஓர் ஆலை எழுந்தது. பஞ்சைச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமைத் தனிச்சுவரால் பிரிப்பதும் வழக்கமானது.

இரண்டாவது வழி தண்ணீர். அமெரிக்காவில் பியானோ தொழிற்சாலை நடத்திய ஹென்றி பார்மலீ 1874-ல் தானியங்கி ஸ்பிரிங்ளரை உருவாக்கினார். அவரைத் தூண்டியது எது தெரியுமா? இன்சூரன்ஸ் பிரீமியம்! அடுத்து பிரெடரிக் கிரின்னெல் அதை மேம்படுத்த, லங்காஷயர் பஞ்சாலைகளுக்கும் அது பரவியது.

சரி, சுவரின் இருபுறமும் ஸ்பிரிங்ளர் இருந்தால், அந்தச் சுவர் தீயைத் தாங்க வேண்டுமா?

இந்தியாவின் தேசிய கட்டட விதித்தொகுப்பு (2016) இதற்கு நடுவழி காட்டுகிறது. பொதுவாக ஒரு தளத்தை 750 சதுர மீட்டருக்கு மிகாத பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஸ்பிரிங்ளர் உள்ள வணிகக் கட்டடத்தில் ஒரு பகுதி 2000 சதுர மீட்டர் வரை இருக்கலாம். ஆனால் பகுதிகளைப் பிரிக்கும் தடுப்பு 120 நிமிடம் தீயைத் தாங்கியே ஆக வேண்டும். அதாவது, ஸ்பிரிங்ளருக்குக் கிடைக்கும் சலுகை பரப்பளவில்தான், சுவரின் வலிமையில் அல்ல. ஒரே பகுதிக்குள் வைக்கும் சாதாரண மறைப்புகளுக்கு இந்த 120 நிமிடக் கணக்கு இல்லை.

ஏன் இந்தக் கண்டிப்பு? வால்வை யாராவது மூடியிருந்தாலோ, தொட்டி காலியாக இருந்தாலோ ஸ்பிரிங்ளர் வெறும் குழாய்தான். எதிர்பார்த்ததைவிட அதிக ஸ்பிரிங்ளர்கள் திறந்துகொண்டால் தண்ணீரின் அழுத்தமும் குறைந்துவிடும். சுவருக்கு இந்தக் கவலைகள் இல்லை. ஆனால் அதிலுள்ள தீத்தடுப்புக் கதவைத் திறந்தே வைத்தாலும், வயர் போக இட்ட ஓட்டையை அடைக்காமல் விட்டாலும் சுவரும் வீண்தான்.

அன்று பாபநாசத்தில் நூலான பஞ்சு, இன்று திருநெல்வேலியின் பல மாடிக் கடைகளில் துணியாக அடுக்கப்பட்டிருக்கிறது. நடுவில் நல்ல சுவர் இருந்தால், மேல்மாடியில் நிற்கும் விற்பனைப் பெண் படியிறங்கித் தப்பிக்க நேரம் கிடைக்கும். பிரீமியத்தில் மிச்சமாகும் பணத்தைவிட அந்த நேரம் பெரியது!