நான்கு விரல்களிலிருந்து ஒரு விரலுக்கு

1976 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 21 ஆம் திகதி, கலிபோர்னியா மாநிலத்தின் ஃபெயார்ஃபக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள கரடுமுரடான மலைப்பாதையொன்றில் சில இளைஞர்கள் சைக்கிள் ஓட்டப் போட்டியொன்றை நடத்தினர். அவர்களிடமிருந்தவை பெரும்பாலும் தடித்த டயர் பூட்டிய, பல பத்தாண்டுகள் பழைமையான சைக்கிள்களே. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்பினுள் இருக்கும் பிறேக் இறுகும். ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தூரத்துக்குள் 400 மீற்றர் இறங்கும் அச்சரிவில், வெப்பம் தாளாது ஹப்பினுள்ளிருந்த கிறீஸ் புகைந்து வெளியேறிவிடும். கீழே சேர்ந்ததும் மீண்டும் கிறீஸ் நிரப்ப வேண்டும். ஆகவேதான் அப்பாதைக்கு 'மீண்டும் நிரப்பு' எனப் பொருள்படும் 'ரீபேக்' என்ற பெயர் நிலைத்தது.

மலைச் சைக்கிளின் வரலாறு, இவ்வாறு, நிறுத்த முடியாத வண்டியிலிருந்தே தொடங்குகின்றது. ஜோ பிரீஸ் 1977 இல் இதற்கெனவே வடிவமைத்த சைக்கிளில், சக்கரத்தின் றிம்மைப் பற்றும் பிறேக்குகள் இடம்பெற்றன. ஆனால் சேறும் நீரும் படிந்த றிம்மில் பிடிமானம் குறைந்தது. ஓட்டுநர்கள் நான்கு விரல்களாலும் நெம்பை இறுக்கப் பழகிக்கொண்டனர்.

1953 இல் லு மான்ஸ் கார்ப் பந்தயத்தில் ஜகுவார் வென்றபோதே டிஸ்க் பிறேக்கின் வலிமையை உலகம் கண்டிருந்தது. எனினும், மலைச் சைக்கிள்களில் அது பரவலாகியது 1990களின் பிற்பகுதியிலேயே. தகடு ஹப்பின் அருகே, சேற்றுக்கு எட்டத்தில் சுழல்கின்றது. விரலின் சிறு விசையைத் திரவ அழுத்தம் பன்மடங்காக்குகின்றது.

இங்கேதான் ஆபத்தும் பிறந்தது. வண்டி மாறியது, கை மாறவில்லை. பழைய பழக்கத்தில் முன்பிறேக்கை முழுக் கையால் இறுக்கினால், சக்கரம் நிற்கும், உடல் கைபிடிக்கு மேலாகத் தூக்கி வீசப்படும். மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவதற்கு அவ்வொரு கணமே போதுமானது.

எனவே, புதிதாக டிஸ்க் பிறேக்குக்கு மாறுவோர், சமதரையில், ஒரு விரலால் மெல்ல அழுத்தி, உடலின் எடையைப் பின்னுக்குச் சரித்துப் பழகுதல் வேண்டும். புதிய பிறேக் கட்டைகளுக்கும் பழகும் காலம் உண்டு. சக்கரத்தை முற்றாக நிறுத்திவிடாது, பலமுறை வேகத்தைத் தணித்து ஓட்டும்போதே, கட்டையின் மெல்லிய படலம் தகட்டில் படிந்து முழுப் பிடிமானம் கிட்டும். தகட்டில் எண்ணெய்க் கை படவே கூடாது.

ரீபேக் சரிவில் ஓடியவர்களுக்குப் பிறேக்கின்மீது நம்பிக்கை இல்லாதிருந்ததே அச்சம். இன்றைய ஓட்டுநரோ, தேவைக்கு மேலான வலிமையை அளந்து பயன்படுத்தக் கற்கவேண்டியிருக்கின்றது. இரண்டாவது பாடம் முதலாவதை விட இலகுவானதன்று.