பஞ்சுக் குச்சி சொன்ன பொய்ச்சாட்சி

ஜேர்மனி நாட்டின் தென்பாகத்திலுள்ள ஹைல்புரோன் நகரிலே, 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆந் திகதி, காவல் வாகனத்தில் அமர்ந்திருந்த இளம் பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் பட்டப்பகலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்தவர் படுகாயமுற்றார். அவ்வாகனத்திற் கிடைத்த டி.என்.ஏ. தடயம் ஒரு பெண்ணுக்குரியதாக இருந்தது.

அத்தடயம் புதியதன்று. 1993ஆம் ஆண்டு இடார் ஓபர்ஸ்ரைன் நகரிலே கொலையுண்ட மூதாட்டியின் வீட்டுத் தேநீர்க் கோப்பையிலும், 2001ஆம் ஆண்டு பிரைபேர்க் நகரிலே நிகழ்ந்த கொலையிலும் அதுவே காணப்பட்டது. ஜேர்மனி, ஒஸ்திரியா, பிரான்சு ஆகிய மூன்று நாடுகளிலும் ஏறக்குறைய 40 குற்றங்கள் அப்பெண்மீது சுமத்தப்பட்டன. ஆயினும் அவள் முகத்தை எவருங் கண்டிலர். 300,000 யூரோ வெகுமதி அறிவித்தும் பயன் விளையவில்லை.

இத்தடயங்களைப் படிக்க உதவியது, அமெரிக்க விஞ்ஞானி கரி மல்லிஸ் 1983ஆம் ஆண்டிற் கண்ட பி.சி.ஆர். என்னும் பெருக்கல் முறையாகும். சதுரங்கக் கட்டங்களிலே நெல்மணியை இரட்டித்து வைத்த கதைபோல, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்றுக்களில் ஒரு பிரதி நூறு கோடிக்கு மேலாகப் பெருகலாம். கண்ணுக்குப் புலப்படாத துகளும் இதனாற் சாட்சியாகின்றது. ஆனால், அத்துகள் கொலையாளியிடமிருந்து வந்ததா, வேறொருவர் கையிலிருந்து ஒட்டியதா என்பதை அம்முறை அறியாது.

2009ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. எரியுண்ட ஓர் ஆணின் உடலை அடையாளங் காண, அவருடையதெனக் கருதப்பட்ட பழைய விண்ணப்பப் பத்திரத்திலிருந்த விரலடையாளங்களைச் சோதித்தபோது, அதே பெண்ணின் டி.என்.ஏ. தோன்றியது. மறுமுறை சோதித்தபோது அது காணப்படவில்லை. சந்தேகம், தடயம் எடுக்கும் பஞ்சுக் குச்சிமீது விழுந்தது. அக்குச்சிகளைத் தயாரித்த இடத்திலே பணிபுரிந்த, குற்றமறியாத ஒரு பெண்ணின் டி.என்.ஏ.யே அவற்றில் ஒட்டியிருந்தது. குச்சிகள் கிருமிநீக்கஞ் செய்யப்பட்டவைதாம். எனினும், கிருமியைக் கொல்லும் முறை டி.என்.ஏ.யை முற்றாக அழிப்பதில்லை.

இத்தவறு அற்பமானதன்று. இல்லாத ஒருத்தியைத் தேடி ஆண்டுகள் கழிந்தன. கொலை நடந்த இடத்தருகே தங்கியிருந்த ரோமா மக்கள்மீதும் வீண்பழி படர்ந்தது. 2011ஆம் ஆண்டு நவம்பரிலே, ஐசனாக் நகரில் இறந்து கிடந்த இரு நாஜிவாத ஆடவரின் வாகனத்திலேதான், ஹைல்புரோனிற் பறிக்கப்பட்ட பொலிஸ் துப்பாக்கிகள் அகப்பட்டன.

பயன்படுத்தாத குச்சியொன்றையும் தடயத்துடன் சேர்த்துச் சோதித்தல், தடயப் பொருள்களைக் கையாளுவோரின் டி.என்.ஏ.யை ஒப்பிட்டு நீக்குதல் ஆகியவை இத்தகைய தவறினைத் தடுக்கும் வழிகளாம். தடயஞ் சேகரிக்கும் பொருள்களுக்கான சர்வதேசத் தரவிதியும் 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. சாட்சி கூறுவதைக் கேட்குமுன், அது வந்த வழியை விசாரித்தல் வேண்டுமென்பதே ஹைல்புரோன் புகட்டிய பாடம்.