சேதுச் சாலையும் தஞ்சைச் சத்திரங்களும்

காசியில் செம்பு நிறையக் கங்கை நீர் முகந்து, இராமேசுவரத்து இறைவனுக்கு அபிடேகம் செய்வித்து, சேதுக்கரை மணலை எடுத்துக்கொண்டு மீண்டும் கங்கைக்கே திரும்புவது இந்நாட்டின் பழைய யாத்திரை வழக்கம். ரயிலும் பேருந்தும் வராத நாளில் போவதும் வருவதும் கால்நடைதான். அவ்வாறு வந்தவர்களில் பெருந்தொகையினர் காவிரியைக் கடந்து சோழநாட்டு வழியே தெற்கு நோக்கி இறங்கினார்கள். தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, ராஜாமடம், அங்கிருந்து கடலோரமாகச் சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல், அதற்கப்பால் சேதுபதி சீமை என்று நீண்டது அந்தச் சாலை. அதில் நடப்பவர் எவரும் பசியோடு படுக்கக் கூடாது என்று உறுதிபூண்ட ஒரு தருமத்தின் வரலாற்றை இம்மலரில் பதிவு செய்வதில் பெருமை கொள்கிறோம்.

அந்த வழி எளிதான வழியன்று. திருவையாற்றிலிருந்து தஞ்சைக்கு வருவதற்குள்ளாகவே காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகள் குறுக்கிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆறுகள் இருகரையும் தொட்டு ஓடும்போது பரிசல் துறையில் நாள் கணக்கில் காத்திருக்க நேரும். வண்டித் தடம் முழுவதும் முழங்கால் அளவு களிச்சேறு. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே நிலத்தின் தன்மையே மாறிவிடும். வயலும் வாய்க்காலும் நின்று போய்ச் செம்மண் மேடு தொடங்கும். கல்லணைக் கால்வாய் வெட்டப்படுவதற்கு முன் அது வானம் பார்த்த பூமி. சித்திரை வெயிலில் நிழலுக்கு ஒரு மரமும் நாவை நனைக்க ஒரு குட்டையும் தேடி அலைய வேண்டும். ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் பனியில் சிக்கிய வழிப்போக்கர்களுக்குத் துறவி பெர்னார்டு 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய விடுதியை உலகமே அறிந்திருக்கிறது. சேற்றுக்கும் வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் நடுவே நம் முன்னோர் கட்டிய விடுதிகளும் அதற்கு இணையாக அறியப்பட வேண்டியவை.

மராட்டியர் வருவதற்கு முன்பே இம்மண்ணில் வழிப்போக்கருக்குச் சோறிடும் அறம் வேரூன்றியிருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகள் சாலைகளையும் மடங்களையும் பேசுகின்றன. தலைச்சுமையோடு வருபவர் பிறர் கைத்துணை இன்றித் தாமே இறக்கி வைத்து, தாமே மீண்டும் தூக்கிக்கொள்ளத் தோள் உயரத்தில் சுமைதாங்கிக் கற்களை நட்டவர்கள் ஊர் மக்களே. பிள்ளைப்பேற்றில் உயிர் நீத்த பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டவை அவற்றில் பல. தண்ணீர்ப் பந்தல் வைத்து நீர்மோர் வார்த்தவர்களுக்குக் கணக்கே இல்லை. 1676-ஆம் ஆண்டளவில் தஞ்சையில் ஏகோஜி நிறுவிய மராட்டிய அரசு, இந்தச் சிதறிய அறங்களை ஒரு சாலையின் நெடுகிலும் கோத்து நிறுவனமாக்கிற்று.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியே சத்திரங்களின் தோற்றக் காலம். பிரதாபசிம்மர் ஆட்சியில் (1739–1763) நீடாமங்கலத்தில் எழுந்த யமுனாம்பாள் சத்திரம் முதன்மையானவற்றுள் ஒன்று. அதனாலேயே அவ்வூருக்கு யமுனாம்பாள்புரம் என்றும் பெயர் வழங்கிற்று. தஞ்சைச் சத்திரங்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அவற்றுள் பெரியவை பலவும் அரண்மனைப் பெண்களின் பெயராலே விளங்கின. கோட்டைகளும் கொத்தளங்களும் ஆண்களின் பெயரைச் சுமந்த காலத்தில், வழிப்போக்கர் வாழ்த்திச் சொல்லும் பெயர் ஒரு பெண்ணின் பெயராக இருந்தது.

சத்திரம் என்றால் கட்டடம் மட்டும் அன்று. அடுப்பு அணையாதிருக்க நெல் வேண்டும். நெல்லுக்கு நிலம் வேண்டும். அரசர்கள் சத்திரங்களுக்கு விட்ட மானியத்தில் விளையாத தரிசும் காடும் ஏராளம். அவற்றைத் திருத்திக் குளம் வெட்டிக் குடிகளை அமர்த்தி விளைநிலமாக்கும் செலவையும் சத்திரமே ஏற்றது. விளைச்சல் போதாத ஆண்டில் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல் வந்தது. மண்ணைக் கொத்தி விளைவித்த பெயர் தெரியாத உழவர்களும், விடியுமுன் எழுந்து உலை வைத்த சமையலாட்களும் இத்தருமத்தின் நிறுவனர்கள் என்றே நாம் கருதுகிறோம்.

அடுத்த இருபது ஆண்டுகள் பெருஞ்சோதனைக் காலம். 1773-இல் ஆர்க்காட்டு நவாபின் படை தஞ்சையைக் கைப்பற்றியது. துளஜா மன்னர் சிறைப்பட்டு, 1776-இல்தான் அரியணையைத் திரும்பப் பெற்றார். மூச்சு விடுவதற்குள் 1781-இல் ஹைதர் அலியின் படையெடுப்பு. மதகுகள் உடைந்தன, ஊர்கள் காலியாயின, வயல்கள் தரிசாகக் கிடந்தன. கொடுமையான அந்த நாட்களைத் தாண்டியும் தருமம் நிலைத்தது.

1798-இல் இரண்டாம் சரபோஜி மன்னர் பட்டமேறினார். மறு ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி கையெழுத்தான உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனுமே மன்னருக்கு எஞ்சின. நாட்டை இழந்த அந்த இளம் மன்னருக்கு மிகப் பெரிய கவலையாக இருந்தவை சத்திரங்கள்தாம் என்பது வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. 1801 சனவரியில் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டு பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. சத்திரங்களைத் தம் நேரடி நிர்வாகத்திலேயே விட வேண்டும் என்று அதில் அவர் வேண்டினார்.

அக்கடிதம் காட்டும் சத்திரத்தைச் சற்றே நின்று பார்ப்போம். அந்தணர் முதல் தாழ்த்தப்பட்டோர் வரை, யோகியர், ஜங்கமர், பைராகிகள் உட்பட வந்தவர் அனைவருக்கும் சோறு உண்டு. சமைத்த உணவு கொள்ளாதவருக்கு அரிசியும் மிளகு முதலான பண்டங்களும் அளந்து தரப்படும். பந்தி நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணலாம் என்று உரக்கக் கூவி அழைப்பார்கள். கடைசி ஆள் வரை உண்டானா என்று பார்த்த பிறகே அன்றைய கணக்கு முடியும்.

சோற்றோடு நிற்கவில்லை. சத்திரந்தோறும் நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர்கள், ஒரு பள்ளி ஆசிரியர், நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் மருத்துவம் அறிந்தவர்கள் இருந்தார்கள். வழியில் பெற்றோரை இழந்த அயலூர்ப் பிள்ளைகள் பள்ளி ஆசிரியர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு நாளுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கு ஒரு முறை எண்ணெய்க் குளியல், உடுக்கத் துணி. விரும்பிய கலையைக் கற்பித்து, தேர்ந்த பின் திருமணச் செலவையும் சத்திரமே ஏற்கும். நோயுற்ற வழிப்போக்கருக்குக் குணமாகும் வரை மருந்தும் பத்திய உணவும் உண்டு. கைக்குழந்தைக்குப் பால் உண்டு. சத்திரத்தில் மகவு ஈன்ற தாய் மூன்று மாதம் அங்கேயே தங்கி உடல் தேறலாம். இறந்தவருக்கு அவரவர் வழக்கப்படி ஈமக்கடன் செய்யப்படும். பேறுகாலத் தாய்க்கு மூன்று மாத ஓய்வு என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையாக வைத்திருந்த நிலம் இது என்று எண்ணும்போது நெஞ்சு நிமிர்கிறது. மன்னரின் வேண்டுகோளைக் கம்பெனி ஏற்றது. நாடு போன பின்னும் சத்திரங்கள் அவர் கையில் நின்றன.

1802-ஐ ஒட்டி ஒரத்தநாட்டில் எழுந்த முத்தாம்பாள் சத்திரம் இவ்வரிசையின் மணிமுடி. மன்னரின் அன்புக்குரியவராய் இருந்து இளமையிலேயே மறைந்த முத்தாம்பாளின் பெயரைத் தாங்கியது அது. தன் பெயரால் அன்னதானம் நடக்க வேண்டும் என்பது அவ்வம்மையின் கடைசி விருப்பம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். யானைகளும் குதிரைகளும் ஒரு பெருந்தேரை இழுத்துச் செல்வது போல அமைந்த அதன் முகப்பு, நடந்து களைத்தவனை எதிர்கொண்டு அழைக்கும் தோரணை கொண்டது. உள்ளே பெரிய முற்றம், சுற்றிலும் தூண் நிறுத்திய தாழ்வாரம். மூட்டையைத் தலைக்கு வைத்துக் காற்றோட்டமாகப் படுக்க அதைவிட நல்ல இடம் அச்சாலையில் வேறில்லை. அங்கு அமைந்த பள்ளியில் தமிழ், தெலுங்கு, மராத்தி, வடமொழி ஆகியவற்றோடு பாரசீகமும் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டன. மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் இலவசம். பிற்காலத்தில் நாடெங்கும் பெருகிய விடுதியோடு கூடிய பள்ளிகளுக்கு ஒரத்தநாடு முன்னோடி என்று துணிந்து சொல்லலாம்.

1814–15-இல் சேதுபாவாசத்திரத்துக்கு அருகே கடற்கரையில் மன்னர் எழுப்பிய மனோரா, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவுச் சின்னம். ஆயினும் கடலோரச் சாலையில் நடந்தவர்களுக்கு அந்த எட்டு நிலைக் கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும் ஓர் அடையாளமாகவும் ஆயிற்று. 1820 முதல் 1822 வரை மன்னர் தாமே பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை மேற்கொண்டார். பிறர் நடந்து வந்த வழியின் அருமையைத் தம் பயணத்தில் கண்டறிந்த அரசர் அவர். 1832-இல் அவர் மறைந்தபின் மகன் சிவாஜி சத்திரங்களை அதே முறையில் காத்து வந்தார். 1855 அக்டோபரில் அவர் ஆண் வாரிசின்றி மறைய, மராட்டியர் அரசுரிமையே அற்றுப்போயிற்று.

அரசில்லாமல் தருமம் எப்படி நிற்கும் என்ற கேள்வி அப்போது எழுந்தது. 1871-ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டத்தைத் தொடர்ந்து சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் உள்ளூர் நிதி வாரியத்தின் பொறுப்பிலும் பின்னர் மாவட்ட வாரியத்தின் பொறுப்பிலும் வந்தன. அதே காலத்தில் சாலையே மாறத் தொடங்கியிருந்தது. 1861–62-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியே திருச்சி வரை ரயில் ஓடிற்று. 1894-இல் மாயூரம்–முத்துப்பேட்டை இருப்புப் பாதையைத் தஞ்சை மாவட்ட வாரியமே தன் பொறுப்பில் அமைத்தது. ஓர் உள்ளாட்சி அமைப்பு ரயில் பாதைக்கு உடைமையாளர் ஆன சிறப்பு நம்முடையது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் காசி யாத்திரிகர் ரயிலிலேயே சேதுவுக்குப் போனார்கள். நடப்பவர் குறைய, பந்தியில் இலைகளும் குறைந்தன.

இந்த மாற்றங்களின் காலத்தில்தான் சத்திரத் தருமம் சோற்றுப் பந்தியிலிருந்து எழுத்துப் பலகைக்கு முழுமையாக நகர்ந்தது. 1881-இல் சத்திர நிதியைக் கொண்டு திருவையாற்றில் வடமொழிக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் மாணவர் விடுதிகள் நடந்தன. ஆனால் இப்பயன் நெடுங்காலம் ஒரு சாராருக்கு மட்டுமே கிட்டிற்று.

அந்தக் கதவைத் திறந்தவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். 1924-இல் மாவட்ட வாரியத் தலைவர் பொறுப்பேற்ற அவருக்கு, 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் த. வே. உமாமகேசுவரனார் உற்ற துணை. சத்திர அறக்கட்டளையின் மூல ஆவணத்தை எடுத்துப் படிக்கச் செய்தார்கள். பொதுக் கல்விக்காக வைத்த அறம் அது என்பது தெளிவாயிற்று. திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ்ப் புலவர் வகுப்பு தொடங்கிற்று. விடுதிகள் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் திறந்தன. உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் தகரப் பெட்டியோடு ராஜாமடத்து விடுதியில் வந்து இறங்க முடிந்த நாள், நள்ளிரவு மணி அடித்துக் கூப்பிட்ட பழைய சத்திரத்தின் நோக்கம் நிறைவேறிய நாள். 1924 காவிரிப் பெருவெள்ளம் டெல்டாவைச் சூறையாடிய ஆண்டு என்பதையும் நினைத்தால் அவர்கள் உழைப்பின் அருமை விளங்கும். 1940 மார்ச்சு முதல் நாள் ஓமன் வளைகுடாவின் மேல் விமானத்தோடு மறைந்த பன்னீர்செல்வத்துக்கு இம்மாவட்டம் பட்ட கடன் பெரிது.

1934-இல் மேட்டூர் அணை நிறைவேறி, கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்தபின், யாத்திரிகர் கால் சுட நடந்த ஒரத்தநாட்டு மேட்டில் நெல் விளைந்தது. ஆயினும் இயற்கையின் சோதனை ஓயவில்லை. 1955 டிசம்பர் முதல் நாள் ராஜாமடம் அருகே கரையேறிய புயலில் கடல் பல மைல் ஊருக்குள் புகுந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. ஒவ்வொரு முறையும் இம்மக்கள் எழுந்து நின்றார்கள்.

விடுதலைக்குப் பின் மாவட்ட வாரியங்கள் கலைக்கப்பட்டபோது சத்திர நிர்வாகம் மாவட்ட ஆட்சியரின் பொறுப்புக்கு வந்தது. அதற்கெனத் தனி வட்டாட்சியர் நியமனமும் தொடர்கிறது. திருவையாற்றுக் கல்லூரி அரசர் கல்லூரி என்ற பெயரோடு தமிழ் கற்பிக்கிறது. ராஜாமடத்தில் பொறியியல் கல்லூரி நடக்கிறது. மராட்டியர் காலக் கணக்குகள், மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றுள் பலவற்றைத் தமிழாக்கி நூல்களாக வெளியிட்டிருக்கிறது. சத்திரத்தில் நெல் அளந்தவர், இலை போட்டவர், பாடம் சொன்னவர் பற்றிய குறிப்புகள் மோடிக் கட்டுகளில் இன்னும் உள்ளன. அவற்றைப் படித்து எழுதும் பணிக்கு மோடி பயின்ற இளைஞர்கள் முன்வர வேண்டுமெனச் சத்திரத்துப் பிள்ளைகளாகிய நாம் அன்போடு அழைக்கிறோம்.