ஒரு லென்ஸ், மூன்று எண்கள்

சுங்கத் தீர்வை அட்டவணையை யாராவது பொழுதுபோக்கா படிப்பாங்களா? நான் படிப்பேன். இறக்குமதியாகும் ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஓர் எண் உண்டு. எண் எதுவோ, அதற்கேற்ற வரி. மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் சரக்குப் பட்டியல்தான். ஆனா அதுக்குள்ள ஒரு மதுரைக் கதை ஒளிஞ்சிருக்கு.

அக்ரிலிக் பிளாஸ்டிக்கை எடுத்துக்குவோம். தகடாக வந்து இறங்கினால் அது 39-ம் அத்தியாயம், பிளாஸ்டிக். மூக்குக் கண்ணாடிக்கான லென்ஸாக வந்தால் 9001 50. கருவிழி மேல் ஒட்டிக்கொள்ளும் காண்டாக்ட் லென்ஸ் என்றால் 9001 30. கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் என்றால்? அத்தியாயம் அதே 90தான், தலைப்பு மாறிவிடுகிறது: 9021 39, செயற்கை உடலுறுப்பு. பல் செட், செயற்கை மூட்டு, பேஸ்மேக்கர், காது கேட்கும் கருவி எல்லாம் இருக்கும் தலைப்பு அது. கண்ணுக்கு வெளியே இருக்கும்வரை லென்ஸ், உள்ளே போனால் உடம்பில் ஒரு பாகம்!

இந்த யோசனை பிறந்தது இரண்டாம் உலகப் போரில். பிரிட்டிஷ் போர் விமானங்களின் அக்ரிலிக் கூரை உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் சில்லுகள் தங்கின. கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை டாக்டர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார்.

இனி மதுரைக்கு வருவோம். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போதெல்லாம் புரை ஆபரேஷன் என்றால் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு ஒரு சோடாபுட்டிக் கண்ணாடியைக் கொடுப்பதுதான். பக்கவாட்டுப் பார்வை சரியா இருக்காது. வயக்காட்டுல கீழ விழுந்து கண்ணாடி உடைஞ்சா, மறுபடியும் எல்லாம் மங்கல்தான்.

உள்ளே வைக்கும் லென்ஸ் 1980-களில் வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை சுமார் 100 டாலர். ஆக, காசு உள்ளவங்களுக்கு 9021, இல்லாதவங்களுக்கு 9001.

வரியைக் குறைச்சிருந்தா போதாதா? போதாது. வரி என்பது பொருளின் விலையில் இத்தனை சதவீதம் என்று போடுவது. அதைப் பூஜ்யமாக்கினாலும் 100 டாலர் லென்ஸ் 100 டாலர்தான். முட்டுக்கட்டை வரியில் இல்லை, விலையில் இருந்தது.

அதனால் லென்ஸை இங்கேயே செய்வது என்று முடிவெடுத்தார்கள். அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீனும் துணைநிற்க, 1992-ல் மதுரையில் அரோலேப் பிறந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று வேலைக்கு வந்தார்கள். லென்ஸ் விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது, பிறகு இன்னும் குறைந்தது. இலவச ஆபரேஷனுக்கு வந்தவர்களின் கண்ணுக்குள்ளும் லென்ஸ் போனது.

இன்று அரோலேப் பொருள்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. லென்ஸ் ஏற்றுமதிக் காகிதத்திலும் அதே தலைப்புதான், 9021. பெட்டி போகும் திசைதான் மாறிப்போச்சு.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்குப் புரை ஆபரேஷன் ஆகியிருந்தா, ஆஸ்பத்திரியில் கொடுத்த லென்ஸ் அட்டையை எடுத்துப் பாருங்க. எந்த ஊர்ல செஞ்சதுன்னு எனக்கும் சொல்லுங்க.