பிரிந்த பிள்ளைகளும் பேசிய சட்டமும்

ஒரு குடும்பத்தைப் பிரிக்க ஒரு நாழிகை போதும். பிரித்ததைச் சேர்க்கப் பல்லாண்டுகளும் போதா. ஐக்கிய அமெரிக்காவின் தென் எல்லையில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தவை இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தின. பிள்ளைகளைப் பேணும் பணியினராகிய நாம் அவ்வரலாற்றை அறிதல் நன்று.

2017 நவம்பரில் காங்கோ நாட்டுத் தாய் ஒருத்தி, ஆறு வயது மகளோடு சான் டியேகோவை அடுத்த எல்லை வாயிலுக்கு வந்து அடைக்கலம் வேண்டினாள். சில நாள்களில் மகள் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ 2,000 மைல் தொலைவிலுள்ள சிகாகோ நகரக் காப்பகத்திற்கு அனுப்பப்பட்டாள். தாயோ தடுப்பு முகாமில் வாடினாள். 2018 பிப்ரவரியில் அமெரிக்கக் குடியியல் உரிமைகள் ஒன்றியம் அவள்பொருட்டு வழக்குத் தொடுத்தது. அதன்பின்னரே மரபணுச் சோதனை நடைபெற்று, தாய் மகள் உறவு உறுதியாயிற்று. மார்ச்சு மாதத்தில் இருவரும் ஒன்றுசேர்ந்தனர். எனினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. அவளைப் போன்ற பெற்றோர் அனைவர்க்குமுரிய வழக்காக அது விரிந்தது.

அவ்வாண்டு ஏப்ரலில் தலைமைச் சட்ட அதிகாரி ஜெப் செஷன்ஸ், அனுமதியின்றி எல்லை கடப்போர்மீது விலக்கின்றிக் குற்றவழக்குத் தொடுக்கப் பணித்தார். பெற்றோர் சிறை புகுந்தனர். பிள்ளைகளைச் சிறையில் வைத்தல் இயலாமையால், அவர்கள் ‘துணையின்றி வந்தோர்’ எனக் குறிக்கப்பட்டு வேறொரு துறையிடம் ஒப்படைக்கப்பட்டனர். தாயின் கைப்பற்றி வந்த பிள்ளையும் ஏட்டில் துணையற்றதாயிற்று.

உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் ஜூன் 20இல் அதிபர் டிரம்ப் பிரிப்பை நிறுத்த ஆணையிட்டார். முன்னரே பிரிந்தோரைச் சேர்க்கும் வழி அவ்வாணையில் இல்லை. ஜூன் 26இல் சான் டியேகோ நீதிபதி டேனா சப்ரா அவ்வழியைக் காட்டினார். ஐந்து வயதிற்குட்பட்டோரை 14 நாள்களிலும், ஏனையோரை 30 நாள்களிலும் பெற்றோரிடம் சேர்க்க வேண்டும் என்றார். கைதிகளின் உடைமைகளுக்கு உள்ள ஒழுங்கான கணக்குகூடப் பிள்ளைகளுக்கு இல்லை என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

தீர்ப்பு கிடைத்தது; ஆயின் யார் பிள்ளை யாருடையது என இணைத்துக் காட்டும் பதிவேடு கிடைக்கவில்லை. நானூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் பிள்ளைகளின்றியே நாடு கடத்தப்பட்டிருந்தனர். வழக்கறிஞர்களும் தொண்டர்களும் குவாத்தமாலா, ஹொண்டுராஸ் நாட்டுச் சிற்றூர்களில் அவர்களைத் தேடி அலைந்தனர். 2020 அக்டோபரிலும் 545 பிள்ளைகளின் பெற்றோர் கண்டறியப்படவில்லை.

2021இல் அதிபர் பைடன் இப்பணிக்கெனக் குழு ஒன்றை ஆணைவழி அமைத்தார். 2025 ஜனவரியில் அடுத்த ஆட்சி அவ்வாணையை நீக்கியது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாடோ, அத்தகைய பிரிப்புக் கொள்கையை எட்டாண்டுகளுக்குத் தடுத்தது. அதிபரின் ஆணை அடுத்த அதிபரால் மாறும். நீதிமன்றத்தில் பெற்ற உரிமையை அவ்வாறு எளிதில் கலைத்தல் இயலாது. எனினும் அதனைக் காத்து நிற்க விழிப்புள்ள மக்கள் வேண்டும்.

பள்ளிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே பெற்றோர் பெயரை நாம் ஆண்டுதோறும் எழுதுகின்றோம். அது வெறும் எழுத்து வேலையெனக் கருதுவோர் உளர். அவ்வொரு வரி இன்மையால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அடைந்த துயரை எண்ணினால், அதன் அருமை விளங்கும். மாணவர்க்கு இதனை எடுத்துரைப்போமாக.