சேர்வர் பூட்டிய கதை

கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழா மேளங்களைப் பதிந்த கசற்றுகள் அளவெட்டியில் இன்னும் சில வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. தெட்சணாமூர்த்தியின் தவிலும் என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் ஒலித்த ஊர் இது. கிடைத்த கொஞ்சக் கசற்றுகளை நாங்கள் டிஜிற்றலாக்கி, ஒரு பழைய கொம்பியூட்டரைச் சேர்வராக்கி அதில் போட்டு வைத்திருந்தோம். அதைப் பூட்டித் தந்த நண்பன் கனடா போயிட்டான். மாரிக்குள்ள ஹார்ட் டிஸ்க்கும் போச்சு. ஒலிக்கோப்புகளுக்குப் பிரதி இருந்தது, சேர்வருக்கு இல்லை. திரும்பப் பூட்ட வெளிக்கிட்ட கலைப்பீடத்து நாலு பேருக்கு மூன்று இரவு போனது. வழிகாட்டி, டேட்டாபேஸ் ஏற்கெனவே தயாராக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்கியது. எழுதினவருக்கு முதல்தடவை எப்பவோ முடிஞ்சுபோன விசயம்.

இது எங்களுக்கு மட்டும் வந்த கரைச்சலா என்று தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தோம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில நாட்களில், இலங்கையில் கணினித்துறைத் தொண்டர்கள் சேர்ந்து சஹானா என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். (எங்கட ஊராருக்கு ராகத்தின் பெயராத்தான் கேட்கும்.) காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருட்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் அதில் இருந்தன. அன்றைக்கு எழுதினவர்களே பக்கத்தில் நின்றதால் பூட்டுவது பெரிய பிரச்சினையில்லை.

2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் நிலநடுக்கம், 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் மண்சரிவு. இரண்டு இடத்துக்கும் சஹானா போனது. அப்பாச்சி, பிஎச்பி, மைசீக்குவெல் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அது ஓடும். இடிந்துபோன ஊரில், கரண்ட் இல்லாத நேரத்தில், அதை ஆர் பொருத்துறது? எழுதினவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கியது. பூட்டாமலே ஓடக்கூடிய லைவ் சிடியும், யூஎஸ்பியில் கொண்டுபோகக்கூடிய வடிவமும் வந்தன. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதைச் சஹானாவுக்குக் கொடுத்தது. எங்களைக் கேட்டால், அந்தச் சிடிக்குத் தனியாக இன்னொரு விருது கொடுத்திருக்கலாம். ஒவ்வொரு அனர்த்தத்திலும் பூட்டுகிறவர் முதல்தடவைக்காரர்தான் என்பதை ஏற்றுக்கொண்டு செய்த வேலை அது.

மொழியும் ஒரு தடைதான். டெபியன் லினக்ஸ் 2005 ஜூனில் பூட்டும் முறையை முற்றாக மாற்றி எழுதியது. ஆனால் அந்த எழுத்துமுறைத் திரையில் தமிழை ஒழுங்காகக் காட்ட முடியாது. 2007 ஏப்ரலில் வந்த எட்ச் பதிப்பில்தான் வரைகலைத் திரை சேர்ந்தது. அதனால் தமிழ், இந்தி, மலையாளம், நேபாளி எல்லாம் உள்ளே வந்தன. ஏ9 பூட்டியிருந்த காலம் அது, குடாநாட்டுக்குச் சாமான் கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஆனால் தமிழாக்கம் மட்டும் காணாது. பார்ட்டிஷன் என்றால் என்னெண்டு தெரியாதவருக்குப் பிரிவாக்கம் என்று சொன்னாலும் தெரியாதுதான்.

எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது 2012இல் வந்த அன்சிபிள். அதை எழுதிய மைக்கேல் டிஹான், அதற்கு முதல் கொப்ளர் என்ற சேர்வர் பூட்டும் மென்பொருளைச் செய்தவர். அன்சிபிளுக்காகப் பூட்டப்படும் கணினியில் தனியாக எதுவும் ஏற்றி வைக்கத் தேவையில்லை. எஸ்எஸ்எச்சும் பைதனும் இருந்தால் போதும். செய்யவேண்டியதை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதினால், அதை வாசித்து அதுவே செய்யும். அந்தக் கோப்பு கனடாவுக்குப் போகாது.

நாங்களும் ஒன்று எழுதினோம். பிறகு அதை, லினக்ஸை வாழ்க்கையில் தொட்டிராத முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தோம். நாலாவது படியில் நின்றுவிட்டாள். கடவுச்சொல்லைத் தட்டினால் திரையில் ஒன்றும் தெரியாது என்று நாங்கள் எழுதவேயில்லை. கீபோர்ட் பழுது எண்டு நினைச்சிருக்கிறாள். அந்த வரியை அவளே தன்ர சொல்லில் எழுதிச் சேர்த்தாள். அடுத்த சனிக்கிழமை, அவளின் தம்பி பூட்டுகிறான்.