வீடு கட்ட நிலம் இருக்கு, மின்சாரம்தான் வரிசையில் நிற்கிறது! மேற்கு லண்டனில் நடந்தது என்ன?

வீடு கட்ட நிலம் வேண்டும், பணம் வேண்டும், அனுமதி வேண்டும். மூன்றும் கையில் இருந்த மேற்கு லண்டன் கட்டுமான நிறுவனங்களுக்கு 2022ஆம் ஆண்டு ஜூலையில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஹில்லிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோ ஆகிய 3 வட்டாரங்களில் பெரிய வீட்டுத் திட்டங்களுக்குப் புதிய மின் இணைப்பு கிடைக்க 2035 வரைகூட ஆகலாம் என்று லண்டன் பெருநகர ஆணையம் அவற்றுக்குத் தெரிவித்தது.

பத்தாண்டுக்கும் மேற்பட்ட காத்திருப்பு! பிடிஓ வீட்டுக்கு 4 ஆண்டு என்றாலே நமக்குப் பெருமூச்சு வரும்.

அந்த 3 வட்டாரங்களும் சாதாரணமானவை அல்ல. 2019-20இல் லண்டனுக்குக் கிடைத்த புதிய வீடுகளில் சுமார் 11 விழுக்காடு அங்கிருந்து வந்தவை. நகரின் நடுப்பகுதிக்கு விரைவாகப் போக உதவும் எலிசபெத் ரயில் பாதை அதே ஆண்டு மே மாதம்தான் திறக்கப்பட்டது. சவுத்ஹால், ஹேய்ஸ் போன்ற நிலையங்களைச் சுற்றி வீடுகள் எழும் என்பது எதிர்பார்ப்பு. ரயில் வந்துவிட்டது, கரண்ட் வரவில்லை.

பிரிட்டனில் மின்சாரம் பத்தலையா?

அது இல்லை பிரச்சினை. நாட்டில் மின்சாரம் இருந்தது. அதை அந்த வட்டாரத்துக்குள் கொண்டுவர வழிதான் இல்லை.

மின் உற்பத்தி நிலையத்திலிருந்து உயர் அழுத்தக் கம்பிகளில் வரும் மின்சாரம், துணை மின் நிலையங்களில் படிப்படியாக அழுத்தம் குறைக்கப்பட்டு, கடைசியில் நம் வீட்டு சுவிட்சுக்கு வருகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு கேபிளுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் சூடேறும், பழுதாகும். காலை 8 மணிக்கு எம்ஆர்டி ரயிலில் ஏறப் பார்த்திருந்தால் இது சட்டென்று புரியும். மதியம் 2 மணிக்கு எத்தனை இருக்கை காலியாக இருந்தாலும் காலை நெரிசலுக்கு அது உதவாது. மின்கட்டமைப்பும் அப்படித்தான். உச்ச நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்பதே கணக்கு. பிரிட்டனில் அந்த உச்ச நேரம், குளிர்கால மாலை.

வீடுகளைப் பொறுத்தவரை ஒரு வசதி உண்டு. எல்லாரும் ஒரே நொடியில் கெட்டிலையும் சலவை இயந்திரத்தையும் போடமாட்டார்கள். அதனால் நூறு வீடுகளுக்குத் தேவைப்படும் அளவு, ஒரு வீட்டின் உச்சத் தேவையைப் போல் நூறு மடங்கு இல்லை. பொறியாளர்கள் இதை நம்பித்தான் கேபிள் பதிக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கும் மாறி வருகிறது. இதுவரை எரிவாயுவில் சூடான லண்டன் வீடுகள், இனி மின்சாரத்தில் இயங்கும் வெப்பமூட்டும் சாதனங்களுக்கு மாற வேண்டும். வாசலில் மின்சார வாகனமும் நிற்கும்.

வரிசையில் முன்னால் நின்றது யார்?

தரவு நிலையங்கள். நாம் பார்க்கும் வீடியோ, அனுப்பும் புகைப்படம், செயற்கை நுண்ணறிவிடம் கேட்கும் கேள்வி எல்லாம் போய்ச் சேரும் கணினிக் கிடங்குகள். லண்டனிலிருந்து மேற்கே போகும் எம்4 நெடுஞ்சாலையை ஒட்டி, அட்லாண்டிக் கடலடி கேபிள்களை நோக்கிச் செல்லும் கண்ணாடி இழைக் கம்பிகள் ஓடுகின்றன. வேகமான இணைப்பு வேண்டும் என்பதால் தரவு நிலையங்கள் அங்கேயே குவிந்தன. பக்கத்திலுள்ள ஸ்லவ் நகரம் ஐரோப்பாவின் மிகப் பெரிய தரவு நிலையக் குவியல்களில் ஒன்று.

ஒரு பெரிய தரவு நிலையம் ஒரு சிறு நகரமே பயன்படுத்தும் அளவுக்கு மின்சாரம் கேட்கும். அதுவும் இரவு பகல் பார்க்காமல்.

இணைப்பு வழங்கும் விதி அப்போது எளிமையானதாகத்தான் இருந்தது: முதலில் கேட்டவருக்கு முதலில். தரவு நிலையங்கள், பல ஆண்டுகள் கழித்துத் தேவைப்படப்போகும் முழு அளவையும் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டன. பயன்படுத்தாவிட்டாலும் அந்த இடம் 'எடுக்கப்பட்டது' என்றே கணக்கு. வீடு கட்டுவோர் திட்டம் ஓரளவு உறுதியான பிறகுதான் விண்ணப்பிப்பார்கள். அதற்குள் வரிசை நீண்டுவிட்டது. இதில் யாரும் விதியை மீறவில்லை. விண்ணப்பங்கள் குறைவாக இருந்த காலத்துக்கு எழுதிய விதி அது, அவ்வளவுதான்.

நட்டம் கட்டுமான நிறுவனங்களுக்கு மட்டும் இல்லை. லண்டனில் பெரிய திட்டங்களில் ஒரு பகுதி, வசதி குறைந்தோருக்கான கட்டுப்படியான வீடுகளாக இருக்க வேண்டும். திட்டம் நின்றால் அவையும் நின்றுபோகும். லண்டன்வாசிகளில் சுமார் 50 பேரில் ஒருவர், சொந்தமாகவோ வாடகைக்கோ நிலையான வீடு இல்லாமல் தற்காலிக வசிப்பிடத்தில் இருக்கிறார்.

அப்புறம் என்ன ஆச்சு?

ஒரு தற்காலிக வழி கிடைத்தது. சுமார் 1 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறிய திட்டங்கள், பெரிய மேம்பாட்டுப் பணிகளுக்காகக் காத்திராமல் இணைப்புப் பெறலாம் என்று முடிவானது. அது சில நூறு வீடுகளுக்குப் போதும். தரவு நிலையங்கள் பதிவு செய்துவிட்டு இன்னும் பயன்படுத்தாத அளவை இப்போதைக்கு வீடுகளுக்குத் தருவது இன்னொரு வழி. காலி இருக்கையில் வேறொருவரை உட்கார வைப்பது மாதிரி. ஆனால் உரிமையாளர் வரும்போது புதிய இருக்கை தயாராக இருக்கணும்.

அந்தப் புதிய இருக்கைதான் கஷ்டம். துணை மின் நிலையத்துக்கு நிலம் தேட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு உலகம் முழுவதும் ஆர்டர் குவிந்திருப்பதால் அதற்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடுகிறது.

அந்த வட்டாரத்துக்கு மின்சாரம் தரும் முக்கிய நிலையங்கள் மூன்று: ஐவர், லேல்ஹம், நார்த் ஹைட். கடைசிப் பெயர் ஞாபகம் இருக்கலாம். 2025 மார்ச்சில் அங்கு தீப்பிடித்துத்தான் ஹீத்ரோ விமான நிலையம் ஒரு நாள் மூடப்பட்டது. அந்தத் தீக்கும் வீட்டுப் பிரச்சினைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஒரு வட்டாரமே எத்தனை சில டிரான்ஸ்ஃபார்மர்களை நம்பி இருக்கிறது என்பது அன்று வெளியே தெரிந்தது.

சிங்கப்பூரில் எப்படி?

இங்கே வீவக பேட்டை திட்டமிடப்படும்போதே அதற்கான துணை மின் நிலையத்துக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. தரவு நிலையங்களை அரசாங்கம் நேரடியாகவே கட்டுப்படுத்தியது. 2019இல் புதிய நிலையங்களுக்கான அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. 2020இல் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காடு அவற்றுக்கே போனது. 2022இல் கதவு மீண்டும் திறந்தது, ஆனால் கொஞ்சமாக. மறு ஆண்டு 4 விண்ணப்பங்களுக்கு மொத்தம் சுமார் 80 மெகாவாட் கிடைத்தது. 2024இல் அறிவித்த திட்டப்படி இன்னும் குறைந்தது 300 மெகாவாட் சேர்க்கப்படும்.

நம் பக்கம் கவனிக்க வேண்டியது கார்நிறுத்துமிடம். 2030க்குள் 60,000 மின்னூட்ட முனைகள் அமைப்பது இலக்கு. வேலை முடிந்து வந்ததும் மாலை 7 மணிக்கு எல்லாரும் ஒன்றாகச் செருகினால், ஏர்கான் போடும் அதே நேரத்தில் அதுவும் சேரும். வீவக கார்நிறுத்துமிடங்களில் பெரும்பாலும் மெதுவாக, இரவு முழுக்க மின்னூட்டும் 7.4 கிலோவாட் சாதனங்கள் இருக்கின்றன. அதிவேக சார்ஜர் ஒன்று 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் இழுக்கும்.